வீடியோவில் தெரியாத கை

ஜனவரி 19, திங்கள்

எங்கள் அணியின் பயிற்சியாளர் கோதண்டபாணி மாஸ்டர் ஒரு காகிதத்தை என் மேசையில் வைத்தார். "அமுதா, பிப்ரவரி ரெண்டுக்குள்ள முடிச்சுக் குடுத்துடும்மா. சும்மா ஒரு பார்மாலிட்டிதான்," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பார்மாலிட்டி என்று யாராவது சொன்னால் எனக்கு அதைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றும். எங்கள் வீட்டு மிக்சி மூன்று முறை கெட்டுப்போனதற்கு இந்தக் குணம்தான் காரணம் என்பார் என் கணவர்.

காகிதத்தில் இருந்தது இவ்வளவுதான். பெயர்: பரஞ்சோதி. வயது: 31. இடம்: இடது இன், மாற்று ஆட்டக்காரர். ஒப்பந்தம்: இந்தப் பருவத்தோடு முடிகிறது. கீழே மூன்று கட்டங்கள்: தக்கவைக்கலாம், விடுவிக்கலாம், யோசிக்கலாம். எதில் டிக் போடுவது என்று, அணியின் ஆட்டக் கணக்கு எழுதும் நான் சொல்ல வேண்டும்.

முப்பத்தோரு வயதில் ஒரு கபடி லீக் அணி விடுவித்தால் வேறு அணி கூப்பிடாது. ஊருக்குப் போய் டிராக்டர் ஓட்ட வேண்டியதுதான். அது மாஸ்டருக்கும் தெரியும், பரஞ்சோதிக்கும் தெரியும்.

சாப்பிடும்போது கணவர், "இன்னுன்னா யாரு, மறுபடி சொல்லு," என்றார். கல்யாணமாகிப் பதினோரு வருடம், இது நாற்பதாவது தடவை. ஏழு ஸ்பூனை வரிசையாக வைத்தேன். இரண்டு ஓரத்திலும் நிற்பவர்கள் கார்னர். பாடி வருபவனின் காலைப் பாய்ந்து பிடிப்பவர்கள், போஸ்டரில் படம் வருபவர்கள். கார்னருக்குப் பக்கத்தில் அவன் கையைக் கோத்துக்கொண்டு நிற்பவன் இன். "அவன் என்ன பண்ணுவான்?" என்றார். கையைப் பிடித்துக்கொண்டு நிற்பான் என்றேன். "அதுக்கு ஒரு ஆளா?" என்று சிரித்தார். ஸ்பூன்களை எடுத்துக் கழுவப் போட்டேன்.

ஜனவரி 20, செவ்வாய்

பருவம் முழுவதும் பரஞ்சோதி இறங்கியது பதின்மூன்று ஆட்டங்களில். எல்லாவற்றிலும் பாதியில்தான் உள்ளே வந்திருக்கிறான். அவனே முயன்ற பிடிகள் பதினேழு, பிடித்தது ஐந்து. இதைவிட மோசமாக வேறு யாரும் இல்லை, கால் சுளுக்கோடு விளையாடிய ஒருவனைத் தவிர.

'விடுவிக்கலாம்' கட்டத்தில் பென்சிலால் லேசாக ஒரு டிக் போட்டேன். பேனாவால் போடவில்லை. பதின்மூன்று ஆட்டம் ஏன் என்று ஒரு சின்ன உறுத்தல். ஐந்து பிடி பிடித்தவனை எதற்கு அத்தனை தடவை உள்ளே அனுப்பினார்கள்?

முகாமில் மதியம் சாம்பார் சாதம். எங்கள் நட்சத்திரம் தவசிலிங்கம் ஒரு கரண்டி சாம்பாரைத் தட்டுக்கு வெளியே, மேசையில் ஊற்றினான். தூத்துக்குடிக்காரன், வெட்கப்பட்டால் கழுத்து வரை சிவப்பான். "கல்யாண நெனப்பு," என்று எல்லோரும் ஓட்டினார்கள். பரஞ்சோதி மட்டும் ஒன்றும் சொல்லாமல் துணியை எடுத்து மேசையைத் துடைத்தான். அவன் அப்படித்தான், யார் எதைக் கொட்டினாலும் துடைப்பான்.

வாஷிங் மெஷின் அடியில் தண்ணீர் ஒழுகுகிறது. மெக்கானிக் நாளை வருகிறாராம்.

ஜனவரி 22, வியாழன்

மெக்கானிக் வரவில்லை.

மாஸ்டரிடம் கேட்டேன், பரஞ்சோதியை எதற்கு அத்தனை தடவை இறக்கினீர்கள் என்று.

"நான் எங்கம்மா இறக்குனேன்? தவசி கேப்பான். ஆட்டத்துக்கு நடுவுல பெஞ்சைப் பாத்துக் காதைச் சொறிவான். அதுதான் சிக்னல். பரஞ்சோதி பக்கத்துல நின்னா அவனுக்கு ராசியாம். நம்ம ஆளுங்கதான் தெரியுமே, இடது கால் சாக்ஸை முதல்ல போடுறவன், மேட்டைத் தொட்டுக் கும்புடுறவன்... அந்த மாதிரி இதுவும் ஒண்ணு. புடி விழுதா, விழுது. நமக்கென்ன?"

ராசி. அதற்கு என் கணினியில் கட்டம் கிடையாது. ஆனால் ராசியை எண்ண முடியாது என்று யார் சொன்னது? தவசியின் எல்லாப் பிடி முயற்சிகளையும் இரண்டாகப் பிரித்தேன். பக்கத்தில் பரஞ்சோதி நின்றபோது ஐம்பத்திரண்டு முயற்சி, முப்பத்துநான்கு வெற்றி. வேறு ஆள் நின்றபோது முப்பத்தெட்டு முயற்சி, பதின்மூன்று வெற்றி.

மூன்று தடவை கூட்டினேன். நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். இந்த வேலையில் எனக்குப் பிடித்த நேரமே இதுதான், ஏதோ ஒன்று இருக்கிறது, என்னவென்று தெரியவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

ஐம்பத்திரண்டு பிடிகளையும் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். பரஞ்சோதி எதுவுமே செய்வதில்லை. தவசி பாய்கிறான், காலைப் பிடிக்கிறான், மற்றவர்கள் மேலே விழுகிறார்கள். பரஞ்சோதி ஓர் அடி நகர்ந்து, பாடி வந்தவன் திரும்பி ஓடும் வழியில் நிற்கிறான். தொடுவதுகூட இல்லை. எங்கள் அணியின் கணக்கு விதிப்புத்தகத்தில் ஏழாவது விதி தெளிவாக இருக்கிறது: பாடி வருபவரைத் தொட்டவருக்கே கணக்கு. கைகோத்து நின்றவர் கணக்கில் வரமாட்டார்.

லீக் வீடியோ எல்லாம் முன்பக்கத்திலிருந்து எடுப்பது. கோத்த கைகள் உடம்புக்குப் பின்னால் மறைந்துவிடும்.

பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. நவம்பரில், பயிற்சிக்கு விரிக்கும் ரப்பர் மேட்டின் ஒட்டு பிய்ந்துகொண்டு வந்தது. விற்றவரிடம் காட்டுவதற்காக, பின்கோட்டுக்கு வெளியே தரையில் போனை வைத்து ஏழு நிமிடம் எடுத்திருந்தார்கள். அந்த ஏழு நிமிடத்தில் ஒட்டு தெரிகிறது, கால்கள் தெரிகின்றன, பிறகு கைகளும் தெரிகின்றன.

பரஞ்சோதியின் இடது கை தவசியின் வலது கையைப் பிடித்திருக்கிறது. பாடி வருபவன் கிட்டே வந்து காலை நீட்டுகிறான். எனக்கே இப்போது பாயலாம் என்று தோன்றுகிறது. பரஞ்சோதியின் விரல் ஒரு தடவை அழுத்துகிறது. தவசி அசையவில்லை. கால் மறுபடி வருகிறது. இரண்டு அழுத்து. தவசி அம்பாகப் போய்க் காலைக் கவ்வுகிறான்.

ஏழு நிமிடத்தில் ஒன்பது தடவை. ஒன்றுகூடத் தப்பவில்லை. ராசியாவது மண்ணாவது!

பென்சில் டிக்கை அழித்தேன். மாஸ்டரிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. சொல்லவில்லை. ஒரு கேள்வி பாக்கி இருந்தது. நாட்டிலேயே சிறந்த கார்னர் என்று பெயர் எடுத்தவனுக்கு, கால் எட்டுமா எட்டாதா என்று இன்னொருவன் எதற்குச் சொல்ல வேண்டும்?

ஜனவரி 25, ஞாயிறு

காலையில் கண்ணாடியைத் துடைக்கும்போது வலதுபக்க லென்ஸ் கழன்று வாஷ்பேசின் ஓட்டைக்குள் போய்விட்டது. எனக்கு மைனஸ் ஆறு. கடை இன்று விடுமுறை. ஒரு பக்கக் கண்ணாடியோடு நாள் முழுக்க உலவினேன். கணவர் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார்.

காபியை டம்ளருக்கு வெளியே ஊற்றினேன். படி இருக்கிறதென்று நினைத்த இடத்தில் படி இல்லை. எலுமிச்சம்பழத்தை, "பிடி," என்று அவர் தூக்கிப் போட்டார். பழம் மூக்கில் பட்டது. எல்லாமே தெரிகிறது, எவ்வளவு தூரத்தில் என்பதுதான் தெரியவில்லை. வேடிக்கையாக இருந்தது. ஏழெட்டுத் தடவை பழத்தைப் போடச் சொன்னேன். இரண்டு முறைதான் பிடித்தேன்.

துணியை எடுத்துக் காபியைத் துடைக்கும்போது சாம்பார் நினைவுக்கு வந்தது.

இருக்காது. சும்மா கைதவறிக் கொட்டியிருப்பான்.

ஜனவரி 27, செவ்வாய்

புதுக் கண்ணாடி வந்தாயிற்று. மெக்கானிக்தான் வரவில்லை.

இன்று ஒரு காரியம் செய்தேன், சொல்லிக்கொள்ளும்படியான காரியம் இல்லை. தவசி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். வலதுபக்கம் நின்று, "தவசி, லாக்கர் சாவி!" என்று தூக்கிப் போட்டேன். அவன் திரும்பினான், சாவியைப் பார்த்தான், கையை உயர்த்தினான். சாவி நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்தது. கை அதற்கப்புறம்தான் மூடியது.

"ஸாரிக்கா, கவனிக்கல," என்றான்.

சாவியைக் குனிந்து எடுத்துக் கொடுத்தது பரஞ்சோதி. என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு மனிதனின் கண்ணை அவனுக்குத் தெரியாமல் சோதிப்பதற்கு நான் யார்?

ஜனவரி 28, புதன்

பயிற்சி முடிந்து எல்லோரும் போனபின் பரஞ்சோதி மேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். அது அவன் வேலை இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பரஞ்சோதி, அழுத்துறது ஒரு தடவைன்னா என்ன, ரெண்டு தடவைன்னா என்ன?"

"என்னத்தக்கா அழுத்தறது?"

"கையை."

துடைப்பதை நிறுத்தினான். "வீடியோல கை தெரியாதேக்கா," என்றான். சொன்னபின் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்கே உறைத்தது. பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஆள். ஒட்டு பிய்ந்த வீடியோவைப் பற்றிச் சொன்னேன். 

"ஒண்ணுன்னா, இருடா, இன்னும் எட்டாதுன்னு. ரெண்டுன்னா, போன்னு."

"அவனுக்கு வலது கண்ணு தெரியலையா?"

"முழுசாத் தெரியாம இல்லக்கா. மங்கலா இருக்குதுங்கறான். போன வருஷப் பொங்கலுக்கு எங்க ஊர்ல ஆட்டம் வச்சோம். நான்தான் அவனைக் கூப்புட்டேன். தவசி வர்றான்னா பத்து ஊர் சனம் கூடும்ல. நோட்டீஸ்ல அவன் படத்தப் பெருசாப் போட்டோம். எவனோ ஒருத்தன் கை கண்ணுல பட்டுடுச்சு."

ஒப்பந்தத்தில் இருக்கிறது, லீக் ஆட்டக்காரர் ஊர் ஆட்டங்களில் இறங்கக் கூடாது. எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள், பொங்கல் வந்தால் எல்லோரும் ஊரில் போய் இறங்குவார்கள். தன் ஊர்ப் பந்தலில் பாடாதவன் எந்த லீக்கில் ஆடி என்ன என்பது அவர்கள் கட்சி. அடிபட்டால் மட்டும் வெளியே சொல்ல முடியாது.

"டாக்டர்கிட்ட காட்டலையா?"

"மன்னார்குடில காட்டுனோம். உடனே மதுரைக்குப் போங்கன்னாங்க. போனா அணிக்குத் தெரிஞ்சுபோயிரும்னு இவன் போகல. நான் எவ்வளவோ சொன்னேன்க்கா." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என் பேப்பர் உங்ககிட்டதான் இருக்குதுன்னு தெரியும். என்னைய விடுவின்னு எழுதிடுங்க. நான் பாத்துக்குவேன். அவனை மட்டும் எழுதிடாதீங்கக்கா," என்றான்.

"நீ போயிட்டா அடுத்த வருஷம் அவன் யார் கையைப் பிடிப்பான்?"

இதை அவன் யோசித்தே இருக்கவில்லை. ஈரத்துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். எனக்கு அழுகை வந்தது. தூசி என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

ஜனவரி 29, வியாழன்

தவசியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். முதலில் சிரித்தான், பிறகு இல்லவே இல்லை என்றான். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு சுவரிலிருந்த கடிகாரத்தில் மணி பார்க்கச் சொன்னேன். மூடினான். மணியைச் சொல்லாமலே கையை எடுத்துவிட்டான்.

"மங்கல்தானே? வேற ஒண்ணும் இல்லையே?"

"மொதல்ல மங்கல்தான் இருந்துச்சு. இப்பம் ஓரத்துல ஒரு கறுப்புத் துணி தொங்குத மாதிரி இருக்குக்கா. போன மாசம் கொஞ்சமாத் தொங்குச்சு. இப்பம் பாதி."

கண் மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு துணி தினமும் இறங்கிக்கொண்டே வருகிறதென்றால் அது காத்திருக்காது என்று தெரிய டாக்டராக வேண்டியதில்லை. நாளைக்கே மதுரைக்குப் போ என்றேன். தக்கவைக்கிறவர்கள் லிஸ்ட் வரட்டும், அப்புறம் போகிறேன் என்றான். நீயே மாஸ்டரிடம் சொல், திங்கள் வரை பொறுப்பேன், நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றேன்.

அவன் முகம் மாறிவிட்டது. "உங்களுக்கு என்னக்கா தெரியும்? நீங்க நோட்டு எழுதுதவங்க. மேட்ல நிக்கவனுக்குத்தான் தெரியும், வெளிய போனா என்ன ஆகும்னு," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

சாத்தட்டும். நோட்டு எழுதுபவள்தானே நான்.

ஜனவரி 30, வெள்ளி

எதுவும் எழுதவில்லை. வாளியை மெஷின் அடியில் வைத்தேன்.

ஜனவரி 31, சனி

தவசி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அவனுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நானும் மூன்று வருடம் மேட்டில் நின்றவள்தான். ஒட்டன்சத்திரத்திலிருந்து மாநில அணிக்குப் போன முதல் பெண். இடது இன். என் கையைப் பிடித்துக்கொண்டு கார்னரில் நின்றவள் ஸ்டெல்லா மேரி. அவளை இந்திய முகாமுக்கு எடுத்தார்கள். தேர்வுக்குழுவில் ஒருவர் என் பெயருக்கு நேரே இருந்த எண்ணைப் பார்த்து, "இந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டது எனக்கே கேட்டது. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. எண் அப்படித்தான் இருந்தது.

இன்று விதிப்புத்தகத்தைத் திறந்து ஏழாவது விதியை மறுபடி படித்தேன். கைகோத்து நின்றவர் கணக்கில் வரமாட்டார். இந்த அணி ஆரம்பித்த வருடம், எதை எண்ணுவது எதை விடுவது என்று முடிவு செய்ய ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். அந்தப் புத்தகம் முழுக்க நான் எழுதியதுதான்.

ஏன் அப்படி எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். எண்ணுவது கஷ்டம் என்று எழுதியிருப்பேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

பிப்ரவரி 2, திங்கள்

காலை ஒன்பது மணிக்கு மாஸ்டர் அறை வாசலில் தவசி நின்றிருந்தான், கூடவே பரஞ்சோதியும். இருவரும் சிறு பிள்ளைகள் மாதிரி கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் தவசி தலையைக் குனிந்துகொண்டான். பரஞ்சோதி அவன் கையை அழுத்தினான். எத்தனை தடவை என்று நான் எண்ணினேன். இரண்டு. தவசி கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனான்.

இருபது நிமிடம். சத்தமே இல்லை. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். வெளியே வந்த மாஸ்டர் யாரையும் பார்க்காமல் டிரைவருக்குப் போன் போட்டார். "மதுரைக்கு வண்டி எடு. இப்பவே," என்றார்.

பிறகு என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். அவரிடம் எல்லாவற்றையும் காட்டினேன், ஐம்பத்திரண்டுக்கு முப்பத்துநான்கு, பின்பக்க வீடியோ எல்லாம். பொறுமையாகப் பார்த்தார்.

"சரிம்மா. பரஞ்சோதி கெட்டிக்காரன்தான், ஒத்துக்குறேன். ஆனா இது கண்ணு தெரியாதவனுக்குக் கைத்தடி. தவசி இனி டீம்ல இல்ல. கண்ணு நல்லா இருக்கிற கார்னருக்கு இந்தக் கை எதுக்கு?"

இவ்வளவு தூரம் தோண்டியது எதற்கு? நட்சத்திரத்தின் வேலையும் போயிற்று, மாற்று ஆளின் வேலையும் போகப்போகிறது. பரஞ்சோதி கேட்டபடி 'விடுவி' என்று எழுதிவிட்டுச் சும்மா இருந்திருந்தால் ஒரு வேலையாவது தப்பியிருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நினைத்ததற்காக அப்புறம் என்னையே திட்டிக்கொண்டேன். துணி இறங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை வரை நேரம் கேட்டேன். "எதுக்கு?" என்றார். தெரியவில்லை என்றேன். அவருக்கு அது பிடித்திருந்தது போல. கொடுத்தார்.

பிப்ரவரி 4, புதன்

மாஸ்டர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு ஆத்திரப்படுவதைவிட விடை தேடுவதுதான் எனக்குத் தெரிந்த வேலை. கண் நன்றாக இருந்தவர்களுக்கு இந்தக் கை என்ன செய்தது?

பழைய மூன்று பருவங்களையும் எடுத்தேன். ஏழாவது விதியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு பிடிக்கும் புதிதாக ஒரு கேள்வி கேட்டேன்: அப்போது பக்கத்தில் யார் கை?

கண்ணில் அடிபடுவதற்கு முந்தைய பருவம். தவசிக்கு இரண்டு கண்ணும் பளிச்சென்று இருந்த காலம். பரஞ்சோதி பக்கத்தில் நின்றபோது மூன்றில் இரண்டு பிடி. மற்றவர்கள் நின்றபோது பாதிக்கும் கொஞ்சம் கீழே.

அதற்கும் முந்தைய பருவத்தில் பரஞ்சோதியை வலதுபக்கம் நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே வேறு கார்னர், இப்போது வேறு அணிக்குப் போய்விட்டவன். அவனுக்கும் அதே கதைதான். அவனுக்கே போன் போட்டுக் கேட்டேன்.

"பரஞ்சோதி அண்ணனா? கைய நசுக்கிக்கிட்டே இருப்பாரு, மேடம். நான் பதட்டத்துல நசுக்கறாருன்னு நெனச்சேன். அவர் நசுக்கினா எனக்கும் தானா பாயணும்னு தோணும். ஏன், அதுக்கு என்ன?"

அவனுக்கே தெரியவில்லை! விழுந்து விழுந்து சிரித்தேன். அறையில் தனியாகச் சிரித்ததை யாராவது பார்த்திருந்தால் என் ஒப்பந்தமும் யோசிக்கலாம் கட்டத்துக்குப் போயிருக்கும். அதுவும் வருடா வருடம் புதுப்பிப்பதுதான்.

பிப்ரவரி 5, வியாழன்

மதுரையிலிருந்து தவசி பேசினான். விழித்திரை கிழிந்திருந்ததாம். அறுவை முடிந்தது. இன்னும் பத்து நாள் தாமதித்திருந்தால் முழுக்கப் போயிருக்கும் என்றாராம் டாக்டர். எவ்வளவு பார்வை திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாதாம்.

"இன்னும் உங்க மேல கோவம்தான்க்கா," என்றான். இருக்கட்டும் என்றேன். "அண்ணன் பேப்பர் என்னாச்சு?" என்று கேட்டான். நாளை தெரியும் என்றேன். போனை வைக்கவில்லை. "நான் இனி ஆடுவேனா?" என்றான். எனக்குத் தெரியாது என்றேன். அந்த இடத்தில் பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

மாஸ்டர் மூன்று பருவத்துக் கணக்கையும் பார்த்தார். எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றார். "அப்ப தவசி தவசியானதே இவன் கையாலதானா?" என்றார். முழுக்க அப்படி இல்லை, பாயும் வேகம் தவசியுடையது, நேரம் பரஞ்சோதியுடையது என்றேன்.

"நாலு வருஷமா என் கண்ணு முன்னாடி நின்னிருக்கான். எனக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கு," என்றார்.

பேனாவை அவரே எடுத்து 'தக்கவைக்கலாம்' கட்டத்தில் டிக் போட்டார். தவசியின் பெயர் விடுவித்தவர் பட்டியலில் போகிறது. காரணம் 'காயம்' என்று மட்டும் எழுதினார், பொங்கல் ஆட்டத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. கண் ஒத்துழைத்தால் அடுத்த வருடத் தேர்வுக்கு வரச்சொல்லி அவனுக்கு அவரே போன் போட்டார்.

பரஞ்சோதி வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான். சந்தோஷமாக இருப்பான் என்று நினைத்தேன். "அவன் எடத்துக்கு யாருக்கா வர்றா?" என்று மட்டும் கேட்டான். புது ஆள், ஈரோட்டுப் பக்கம், இரண்டு கண்ணும் நல்ல கண் என்றேன். தலையாட்டினான். சனி, ஞாயிறு மதுரைக்குப் போகிறானாம்.

பிப்ரவரி 11, புதன்

ஏழாவது விதியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். பின்கோட்டில் நிரந்தரமாக ஒரு கேமரா வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். கொடுக்கிறார்களாம்.

மெக்கானிக் வந்தார். குழாயில் ஒரு ரப்பர் வளையம் தளர்ந்திருந்ததாம். இரண்டே நிமிட வேலை.

பிப்ரவரி 15, ஞாயிறு

பரணில் வேறு எதையோ தேடும்போது அந்தச் சிடி கிடைத்தது. வேறு எதையோ என்று எழுதிவிட்டேன், இல்லை, அதைத்தான் தேடினேன். திண்டுக்கல்லில் நடந்த மாநில அரையிறுதி. ஸ்டெல்லாவின் சித்தப்பா எடுத்தது. நான் விளையாடியதற்கு இருக்கும் ஒரே வீடியோ. பதினாறு வருடமாக நான் அதைப் போட்டுப் பார்த்ததில்லை.

கணவர் பழைய பிளேயரை எங்கிருந்தோ வாங்கிவந்து மாட்டினார். படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கிறது. இரட்டைச் சடையோடு நான். ஸ்டெல்லா ஆறு தடவை பாய்கிறாள், ஆறையும் பிடிக்கிறாள். நான் ஒன்றுமே செய்யாமல் நிற்கிறேன். சித்தப்பாவும் முன்பக்கமிருந்துதான் எடுத்திருக்கிறார். கை தெரியவில்லை.

ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். ரயில்வேயில் இருக்கிறாள், திருச்சியில். நாலைந்து வருடமாகப் பேசவில்லை. குழந்தைகள், முழங்கால் வலி எல்லாம் பேசி முடித்தபின், திண்டுக்கல் ஆட்டம் நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"ஏன்டி நெனவில்லாம? நீ அழுத்துன அழுத்துல அன்னிக்கு என் மோதிர விரல் வீங்கிப்போச்சு. மறுநாள் சோறு பெசைய முடியலை. ஆறு தடவைல அஞ்சு நீ சொல்லித்தான் போனேன். ஒண்ணுதான் நானாப் போனது. முகாம்ல ரெண்டு மாசம் எவ கையைப் புடிச்சாலும் செத்த கை மாதிரி இருக்கும், அமுதா. அதான் திரும்பி வந்துட்டேன். உன்கிட்ட சொன்னதே இல்லைல்ல?"

இல்லை என்றேன். கணவர் டீவியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஏழு ஸ்பூனை எடுத்து வரச்சொன்னேன், அவரே எடுத்து வந்து மேசையில் வரிசையாக வைத்தார். இரண்டாவது ஸ்பூனைத் தொட்டுக் காட்டினேன்.

ஸ்டெல்லா மேரி, ஆறு. அமுதவல்லி, ஐந்து.

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, பதினாறு வருடமாக.